உள்பையில் இருந்த தாள்

சிறைவாசலில் நிற்பதுதான் என் வேலை. வாசலில் என்று சொல்வதுகூடத் தப்பு. வாசலிலிருந்து நூறடி தள்ளி, தகரக் கூரை போட்ட பேருந்து நிறுத்தத்தில் நிற்பேன். அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைத்ததில்லை. வெளியே வருகிறவளைக் கையை ஆட்டிக் கூப்பிடுவேன், அவளாக நடந்து என்னிடம் வர வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இதை வைத்து என்னைக் கிண்டல் செய்யாதவர்கள் கிடையாது. "சோனுனக்காவுக்கு வாசல்ல சிவப்புக் கம்பளம் விரிச்சாத்தான் கிட்டப் போவாங்க" என்பார்கள்.

எங்கள் அலுவலகம் பிஷ்கெக்கில், ஒரு பழைய அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், மூன்று அறை. அங்கே வேலை பார்க்கிற எல்லோரும் ஒரு காலத்தில் போதை ஊசி போட்டுக்கொண்டவர்கள், உள்ளே இருந்து வந்தவர்கள். வெளியே வருகிறவர்களுக்கு முதல் நாளிலிருந்து துணையாக இருப்பது எங்கள் பொறுப்பு. அடையாள அட்டை வாங்க வரிசையில் நிற்போம், மருந்து கொடுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போவோம், வீட்டில் சண்டை வந்தால் நடுவில் உட்காருவோம். படித்தவர்கள் இதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் 'கூட நடக்கிறது' என்போம்.

உள்ளே இருந்தவர்களுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. எந்தச் சட்டத்திலும் இல்லாதவை, எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்டவை. விடுதலையாகும் நாளில் நல்ல உடுப்பை உள்ளே இருப்பவளுக்குக் கொடுத்துவிட வேண்டும். வாசலைத் தாண்டியபின் திரும்பிப் பார்க்கக் கூடாது. எதை மறந்து வந்தாலும் எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. திரும்பினவள் திரும்பவும் வருவாள்.

நான் முதல் முறை விடுதலையானபோது திரும்பினேன். ஒரு கம்பளிச் சால்வைக்காக. பதினோரு மாதத்தில் அதே வாசல் வழியாக, அதே சால்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளே போனேன். இரண்டாம் முறை வெளியே வந்தபோது கழுத்து வலிக்கிற அளவுக்கு நேராகப் பார்த்தபடி நடந்தேன். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் ஆகிவிட்டது, ஒரு ஊசி கிடையாது. அதற்கு மருந்து காரணமா, வேலை காரணமா, அன்று திரும்பாதது காரணமா என்று எனக்கு எப்படித் தெரியும்? எதையும் கைவிட எனக்குத் துணிச்சல் வரவில்லை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்றிருந்தேன்.

கனிஷாய் வெளியே வந்தது மார்ச் பதினெட்டு, வெள்ளிக்கிழமை. காலை பதினொரு மணி. முப்பத்துநாலு வயது, நாலு வருஷம் உள்ளே. மெல்லிய ஸ்வெட்டரோடு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை, பற்கள் தந்தியடிக்க என்னை நோக்கி வந்தாள்.

"என்னடி, கோடை விடுமுறைக்கா கிளம்பிட்டே?" என்றேன்.

"ஜாக்கெட்ட ராயாவுக்குக் குடுத்துட்டேன்க்கா. அவளுக்கு இன்னும் ரெண்டு குளிர்காலம் பாக்கி இருக்கு."

"நல்ல காரியம் பண்ணினே. இந்தா, இதப் போடு." யாரோ தானம் கொடுத்த பழுப்பு நிறக் கோட்டு ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். போட்டுக்கொண்டு கைகளை விரித்துக் காட்டினாள்.

"எப்படி இருக்கேன்?"

"வரி ஆபீஸ்காரி மாதிரி இருக்கே. உன்னப் பாத்தா கடைக்காரனெல்லாம் ஷட்டரை இறக்கிடுவான்."

சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லை. அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் கண்ணிலேயே நிற்கிறது. கையைக் கோத்துக்கொண்டு மினிபஸ் வருகிற பக்கம் நாலு எட்டு வைத்திருப்போம், அவள் நின்றுவிட்டாள்.

"அக்கா. தாள்."

"என்ன தாள்?"

"மருந்துத் தாள். ஜாக்கெட் உள்பையில வெச்சேன். பத்திரமா இருக்கட்டும்னு பட்டன் வேற போட்டேன்."

கனிஷாய் உள்ளேயே மெத்தடோன் குடித்துக்கொண்டிருந்தவள். ஒரு சின்னக் கோப்பையில் அளந்து ஊற்றுகிற கசப்பான மருந்து, தினம் ஒரு வேளை. அது உடம்பில் இருக்கிற வரைக்கும் ஹெராயின் ஞாபகம் வந்து பிடுங்காது. நின்றுவிட்டால் இரண்டாம் நாள் எலும்பெல்லாம் முறுக்கும். எவ்வளவு குடிக்கிறாள், கடைசியாக என்றைக்குக் குடித்தாள் என்று சிறை மருத்துவர் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தால்தான் வெளியே இருக்கிற மருந்தகத்தில் ஊற்றிக் கொடுப்பார்கள்.

"ஓடிப் போய் கேட்டுட்டு வந்துடறேன்க்கா. கேட் கிட்ட அந்தக் காவல்காரம்மா இன்னும் நிக்கறாங்க. அஞ்சு நிமிஷம்."

"திரும்பாதே," என்றேன். அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "தெரியாதா உனக்கு? வெளிய வந்து அஞ்சு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள உள்ள போகணுமா? நான் போன் பண்ணி நகல் அனுப்பச் சொல்றேன். நட."

"அப்ப நீங்க போய்க் கேளுங்களேன்."

மினிபஸ் வந்துகொண்டிருந்தது. கையைக் காட்டி நிறுத்தி அவளை ஏற்றிவிட்டு நானும் ஏறினேன். அவளுடைய நல்லதுக்குத்தான் தடுத்தேன் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னேன். அதில் பாதிதான் உண்மை. நான் போயிருக்கலாம். என் கால்களுக்குத்தான் தைரியம் இல்லை. என்னுடைய ஒன்பது வருஷத்தை அந்த வாசலில் பணயம் வைக்க மனம் வரவில்லை.

மருந்தக ஜன்னலில் இருந்த செவிலி நல்லவள், எனக்குப் பழக்கமானவள். தலையை ஆட்டினாள்.

"சோனுன், அளவு தெரியாம நான் எப்படி ஊத்துவேன்? கூடிப்போச்சுன்னா என் கண்ணு முன்னாடியே மூச்சு நின்னுடும்."

"போன்ல கேட்டுக்கயேன்."

"நானும் பண்ணிப் பாத்துட்டேன், யாரும் எடுக்கல. தாள் இல்லாம புதுசா எழுதணும்னா டாக்டர் பாக்கணும். டாக்டர் இனிமே செவ்வாய்க்கிழமைதான், திங்கள் நூருஸ் லீவு. ஆனா ஜன்னல் தினமும் தொறந்திருக்கும், பண்டிகையன்னிக்கும் நான் இருப்பேன். தாளைக் கொண்டா, எந்த நாளா இருந்தாலும் அந்த நிமிஷமே ஊத்தறேன்."

அன்று காலை மருந்து உள்ளே கொடுத்திருந்தார்கள். அதனால் கனிஷாய்க்கு அப்போது ஒன்றும் தெரியவில்லை. "நாலு நாள்தானேக்கா. பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துடுவேன். ஒரு பல்லு கம்மியா இருக்கு, அவ்வளவுதான்" என்றாள்.

அவளுடைய அம்மா பெயர் சல்கின். வீடு நகரத்தின் ஓரத்தில், மண் சாலை போகிற புதுக் குடியிருப்பில். கிண்ணத்தில் தண்ணீரோடு கேட்டிலேயே காத்திருந்தார். அதனால் மகளின் தலையை மூன்று முறை சுற்றினார், அதில் துப்பச் சொன்னார், தண்ணீரைத் தெருவில் ஊற்றிக் கிண்ணத்தைக் கவிழ்த்தார். அப்புறம்தான் அழுதார். அழுது முடித்து முகத்தைத் துடைத்ததும் எங்கள் இருவர் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"உன்னக் கட்டிப் பிடிச்சுக்க எனக்கு ஆசையா இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இன்னொரு தடவை நீ கண்ணு சொருகிக் கிடக்கறத இந்தப் புள்ள பாக்கக் கூடாது. பாத்தாள்னா அன்னிக்கே அவள நாரினுக்கு என் தம்பி வீட்டுக்கு அனுப்பிடுவேன். அப்புறம் அவளக் கண்ணால பாக்க முடியாது."

கனிஷாயின் மகள் பெகிமாய் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா போனபோது அவளுக்கு ஐந்து வயது, இப்போது ஒன்பது.

"நீங்க எத்தனை நாள் இருப்பீங்க?" என்று கேட்டாள். சொந்த அம்மாவைப் பார்த்து விருந்தாளியிடம் கேட்கிற மாதிரி.

"போகவே மாட்டேன்டா செல்லம்."

பெகிமாய் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப என் கட்டில்ல படுத்துக்கலாம். ஆனா போர்வைய இழுக்கக் கூடாது."

"இழுக்க மாட்டேன். சத்தியமா."

மருந்து பற்றி சல்கின் அம்மாவுக்குத் தெரியாது. பழைய மனுஷி, அதையும் போதை என்றுதான் சொல்வார் என்று கனிஷாய் பயந்தாள். முதலில் நிலைகொள்ளட்டும், அப்புறம் பதமாக எடுத்துச் சொல்லலாம் என்று நானும் ஒத்துக்கொண்டேன். கிளம்பும்போது கனிஷாயின் கோட்டுப் பையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தேன். ஹெராயின் அளவு மீறி மூச்சு நின்றால் போடுகிற ஊசி. யாராவது பக்கத்தில் இருந்து போட வேண்டும். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் அதைக் கொடுத்து என்ன பிரயோஜனம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

சனிக்கிழமை போனில் பேசினாள். கொட்டாவி கொட்டாவியாக வருகிறது, மூக்கு ஒழுகுகிறது, அம்மா சளி என்று நினைத்து வெண்ணெய் போட்ட டீ கொடுக்கிறார் என்றாள். நான் சிறைக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு மட்டும் பதினேழு முறை போட்டேன். பதினேழு முறை போன் போடுகிற நேரத்தில் ஒரு எட்டு போய்விட்டு வந்திருக்கலாம். பிஷ்கெக்கிலிருந்து மினிபஸ்ஸில் ஒரு மணி நேரம்.

ஞாயிறு காலை அவள் குரலைக் கேட்டதும் மனசு கேட்கவில்லை. கிளம்பினேன். மினிபஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றுமில்லை, கேட்டில் பேசப் போகிறேன், அவ்வளவுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சோளக்காட்டைத் தாண்டினால் ஒரு வளைவு. அந்த வளைவில்தான் மதில் முதலில் தெரியும். வெளியே வருகிறவளைக் கூப்பிடப் போகும்போது எத்தனையோ முறை அதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே விட்டு வந்த ஒன்றைக் கேட்டு எடுக்க ஒரு முறையும் போனதில்லை. "இங்கேயே இறங்கிக்கறேன்" என்று டிரைவரிடம் சொன்னேன். வளைவில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த வண்டியில் ஏறித் திரும்பிவிட்டேன்.

நேராக கனிஷாய் வீட்டுக்குப் போனேன். சல்கின் அம்மா பண்டிகைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். கனிஷாய் உள்ளறையில் கட்டிலுக்குக் கீழே தரையில் சுருண்டு கிடந்தாள். கால்கள் தாமாக உதைத்துக்கொண்டிருந்தன.

"எதுக்குடி தரையில?"

"கட்டில்ல படுத்தா போர்வைய உதைச்சுத் தள்ளிடறேன்க்கா. புள்ளைக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

உட்கார்ந்து அவள் கால்களை மடியில் போட்டுத் தேய்த்துவிட்டேன். வேர்வையில் தலைமுடி ஒட்டியிருந்தது.

"ஆம்புலன்ஸக் கூப்பிடவா?"

"வேணாம். வந்தா அம்மாவுக்குப் புரிஞ்சிடும். பெகிமாய நாரினுக்கு அனுப்பிடுவாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "தாள் கிடைச்சுதாக்கா?" என்றாள்.

"போனேன்டி. ஞாயித்துக்கிழமை, யாரையும் கிட்ட விடமாட்டேன்னுட்டாங்க."

அவள் என் கையைத் தேடிப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "எனக்காக அங்க வரைக்கும் போனீங்களா? உங்களுக்கு அந்த வாசல்னா பயமாச்சே."

அந்தக் கையை வெட்டிப் போட்டாலும் தகும். நான் அதை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை.

திங்கட்கிழமை நூருஸ், வசந்தகாலப் புத்தாண்டு. அந்தத் தெருவில் எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய அண்டாவில் முளைகட்டிய கோதுமைக் கஞ்சி கிண்டுவார்கள், சுமோலோக் என்று பெயர். ஆளுக்குக் கொஞ்ச நேரம் துடுப்பைப் பிடித்து, மனசுக்குள் ஒரு வேண்டுதல் வைத்துக்கொண்டு கிண்ட வேண்டும். கனிஷாயும் எழுந்து வந்து கிண்டினாள் என்று பிறகு சொன்னார்கள். முகம் சுண்ணாம்பாக இருந்ததாம். பெகிமாய் துடுப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாளாம். என்ன வேண்டிக்கொண்டாய் என்று மகள் கேட்டதற்கு, "நாளைக்குக் காலைல சீக்கிரம் விடியணும்னு" என்றாளாம்.

இரண்டு மணிக்கு எனக்குப் போன் செய்தாள். பக்கத்து வீட்டில் பாட்டுப் போட்டிருந்தார்கள், சரியாகக் கேட்கவில்லை. "முடியலக்கா" என்று மட்டும் கேட்டது. "நாளைக்கு எட்டு மணிக்கு ஜன்னல்ல முதல் ஆளா நிப்போம், இதோ இப்பவே கிளம்பி வர்றேன்" என்றேன். பண்டிகை நாள், சாலையெல்லாம் அடைத்திருந்தார்கள், வண்டி கிடைக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை. பாலாடை வாங்கி வருகிறேன் என்று கோட்டைப் போட்டுக்கொண்டு போனவள் இன்னும் வரவில்லை என்றார் சல்கின் அம்மா.

தேடிப் போனேன். தெருக்கோடியில், வாகனக் கொட்டகைகளுக்குப் பின்னால் கிடந்தாள். இப்போது தெருவில் விற்கிற சரக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் இருந்தது இல்லை, எதை எதையோ கலக்கிறார்கள். உடம்பு பழைய அளவை மறந்திருந்தது, அவள் மறக்கவில்லை. நான் கோட்டுப் பையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து ஊசியைப் போட்டேன். என் பையிலிருந்ததையும் போட்டேன். வாயில் வாய் வைத்து ஊதினேன். ஆம்புலன்ஸ்காரர் வந்து என்னைத் தோளைப் பிடித்துத் தூக்குகிற வரைக்கும் ஊதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பாலாடைக் கிண்ணம் இருந்தது. உண்மையாகவே முதலில் அதைத்தான் வாங்கியிருக்கிறாள்.

சாவுக்குப் பெண்கள் வந்து ஒப்பாரி வைத்தார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஏழாம் நாள் ரொட்டி பொரித்துக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்து போனேன். எல்லோரும் கலைந்தபின் சல்கின் அம்மா அந்தப் பழுப்புக் கோட்டை மடித்து எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"இது உங்களோடது. இதோட ஒரு காலிப் பெட்டியும், அதுக்குள்ள ஏதோ மருந்துச் சீட்டும் வந்துச்சு. எனக்கு ருஷ்ய மொழி படிக்க வராது. என்ன அது?"

சொல்லிவிட்டேன். மருந்து, தாள், ஜாக்கெட், வாசலில் நான் கையைப் பிடித்து இழுத்தது, எல்லாவற்றையும். ஞாயிற்றுக்கிழமை வளைவில் இறங்கியதையும், இறங்கிவிட்டுச் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சனிக்கிழமை பார்சல் குடுக்கற நாள்," என்றார். குரல் உயரவே இல்லை. "நாலு வருஷம், ஒரு சனிக்கிழமை விடாம அந்த வாசலுக்குப் போயிருக்கேன். அங்க இருக்கற காவல்காரி ஒவ்வொருத்தி பேரும் எனக்குத் தெரியும். உள்ள இருந்தவங்களுக்குத்தானே உங்க கட்டுப்பாடு? நான் ஒரு நாளும் உள்ள இருந்ததில்லையே. எங்கிட்ட ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்க திட்டுவீங்கன்னு பயந்தோம்மா."

"திட்டியிருப்பேன். போற வழியெல்லாம் திட்டிக்கிட்டே போயிருப்பேன். ஆனா வாங்கிட்டு வந்திருப்பேன்."

நான் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அவர் தேற்றவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. கடைசியில், "வர்ற சனிக்கிழமை அந்த ஜாக்கெட்ட வாங்கப் போறேன். புள்ளை அவ அம்மா துணி ஏதாவது வேணும்னு கேக்குது. நீயும் வா" என்றார். அதுவரை 'நீங்க' என்றவர், அன்று முதல் முறையாக என்னை ஒருமையில் கூப்பிட்டார்.

போனோம். ராயாவுக்குக் கொடுக்கப் புதிதாக ஒரு தடித்த ஜாக்கெட் வாங்கியிருந்தார். வளைவு வந்தது, மதில் தெரிந்தது, அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நிறுத்தத்தில் இறங்கியபின் நான் வழக்கமாக நிற்கிற தகரக் கூரைக்குக் கீழே நிற்கப் பார்த்தேன். அவர் கையை விடவில்லை. நூறடியையும் நடந்தேன். பச்சைப் பெயிண்ட் உரிந்த ஒரு இரும்புக் கதவு, அதில் ஒரு சின்ன ஜன்னல்.

காவல்காரி சல்கின் அம்மாவைப் பார்த்ததும் தலையைக் குனிந்து துக்கம் சொன்னாள். புது ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் கைபேசியில் மணி பார்த்தேன், பத்து நாலு. கால் மாற்றி நின்றேன். ஒரு பூனை மதிலோரமாகப் போயிற்று. ஜன்னல் திறந்து பழைய ஜாக்கெட் வெளியே வந்தபோது பத்து பதினொன்று.

"ராயா சொல்லச் சொன்னா," என்றாள் காவல்காரி. "உள்பையில இருக்கற தாளை எடுக்கவே இல்லையாம். யாராவது வருவாங்கன்னு தினமும் பாத்துக்கிட்டு இருந்தாளாம்."

பட்டன் போட்டபடியே இருந்தது. நாலாக மடித்த தாள். சல்கின் அம்மா அதை என்னிடம் நீட்டினார். "படி."

பெயரைப் படித்தேன். பிறந்த வருஷத்தைப் படித்தேன். "தினம் எண்பது மில்லிகிராம். கடைசி வேளை, மார்ச் பதினெட்டு. அடுத்த வேளை..."

"அடுத்த வேளை?"

"மார்ச் பத்தொம்பது, அம்மா. சனிக்கிழமை."

அவர் தாளை வாங்கி அதே மடிப்பில் மடித்து உள்பையில் வைத்துப் பட்டனைப் போட்டார். ஜாக்கெட்டைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தோளில் போட்டுக்கொண்டு நிறுத்தத்தை நோக்கி நடந்தார். மினிபஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, வண்டி நகர்ந்தபின், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தக் காவல்காரப் பொண்ணு உள்ள போயிட்டு வர எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஏழு நிமிஷம், அம்மா," என்றேன்.